கட்டைவிரல் எழும்பாத நாட்கள்

என் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் என் நாத்தனார் தேசம்மா. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள், எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதுவேன். வயதானவர்கள் தலையில் இடித்துக்கொண்டால் யாரிடமும் சொல்வதில்லை, உங்களுக்கு ஆனதை நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். சொல்லாமல் இருந்தவள் நான்தான். அதனால் எழுதவேண்டியவளும் நான்தான்.

எங்கள் வீடு ஆந்திராவில், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில். கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினெட்டு, தேசம்மாவுக்குப் பதினாறு. "மொதல்ல இவகிட்ட பேசக் கத்துக்கோ. அப்பறம் அடுப்பப் பத்தவெப்பே" என்றார் மாமியார். கற்றுக்கொண்டேன். அந்த வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பேச்சு அது. கட்டைவிரலை மற்ற விரல் நுனிகளில் தேய்த்தால் உப்பு. மீசையை முறுக்கினால் என் வீட்டுக்காரர். உள்ளங்கையால் தலையை முன்னிருந்து பின்னாக வழித்தால் திருப்பதி. தேசம்மாவின் மோவாயில் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு உண்டு. கையை மூடி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தி, அதன் நுனியால் மோவாயை இரண்டு முறை தொட்டால் அது தேசம்மா. ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் அவள் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த பெயர் அந்தக் கட்டைவிரல்தான்.

ஐம்பது வருஷமாக நாங்கள் சண்டை போட்டதும் கையால்தான். தோற்கப்போகிறவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். முதுகைத் திருப்பினால் சண்டை முடிந்தது, எதிரில் இருப்பவள் எவ்வளவு கத்தினாலும் சேராது. அந்த வித்தையில் நான் அவளைவிடக் கெட்டிக்காரி.

இப்படியே பழகிப் பழகி, காது நன்றாகக் கேட்கிறவர்களிடம் பேசும்போதும் என் வாயோடு கையும் சேர்ந்து பேசும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டுவேன். கடையில் உப்பு கேட்டால் விரல் தானாகத் தேயும். "ஆயா, எனக்குக் காது கேக்குது" என்பார் கடைக்காரர். நான் செய்வது எனக்கே தெரியாது.

அதுதான் என்னை இடித்துத் தள்ளியது. ஒரு சனிக்கிழமை நாகலாபுரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் எதையோ சொல்லிக்கொண்டு வந்ததில் கம்பியைப் பிடிக்கவில்லை. கை இரண்டும் பேச்சில் இருந்தன. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இடது பக்க மண்டை மேல்கம்பியில் 'ணங்' என்று மோதியது.

"கம்பியப் புடிச்சிக்கினு பேசு ஆயா! கை ரெண்டும் கரகாட்டம் ஆடுது!" என்றான் டிரைவர்.

"நீ ரோட்டப் பாத்துக்கினு ஓட்டு நைனா. நீ ஓட்டுற லட்சணத்துக்குக் கரகமே கீழ உழுந்துடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் புடைத்தது, இரண்டு நாளில் வடிந்துவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. கையை ஆட்டிப் பேசி மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று தெரிந்தால், தேசம்மா அதை ஊர் முழுக்க நடித்துக் காட்டுவாள்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு தலைவலி லேசாக ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டேன்.

ஒருநாள் இருவரும் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். ஏதோ கேட்க அவளைக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை மூடி மோவாயில் இரண்டு முறை இடித்தாள். கட்டைவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் கிடந்தது. மறுபடி அதையே செய்தாள். உப்பு என்று காட்டினாள், விரல் தேயாமல் தொங்கியது.

திக்கித் திக்கிப் பேசுகிறவர்களைச் சில பேர் பழித்துக் காட்டுவார்கள் அல்லவா? அவள் என் கையை அப்படிப் பழிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. எழுந்து வந்து என் வலது கட்டைவிரலைப் பிடித்து மேலே இழுத்தாள். தட்டிவிட்டேன். மறுபடி இழுத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

பதினோரு நாள் திருப்பியே இருந்தேன். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பதினோரு நாளில் வலது கால் செருப்பு வழியில் கழன்றுபோனதைப் பத்தடி தாண்டித்தான் கவனித்தேன். டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஊரில் இருக்கும் டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், வயதாகிறது அல்லவா என்று மாத்திரை கொடுத்தார். வயதுக்கு மாத்திரை உண்டா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது. மகன் வேலுவுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, அவனும் மருமகள் பத்மாவும் அங்கேயே வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வருகிறவன், முந்தின வாரம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் தேசம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவனுக்கு வாய்ப்பேச்சுக்கு முன்னால் வந்தது கைப்பேச்சு.

"இன்னாம்மா, உன் கை சரியில்லன்னு சொல்லுது அத்தை?" என்று வந்தான்.

"அதுக்கு வேற வேல இல்ல. என்னப் பழிச்சிக் காட்டிக்கினு கீது."

"எங்க, அத்தை பேரச் சொல்லு பாக்கலாம்."

கையை மூடினேன். கட்டைவிரலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்தினேன். மோவாயை இரண்டு முறை தொட்டேன். "பாத்துக்கினியா?" என்றேன். வேலுவுக்கு மூச்சு வந்தது.

தேசம்மா தரையை ஓங்கி மிதித்தாள். அவனைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்: கேட்டால் நிற்கிறது. மறந்தால் விழுகிறது.

"எதுக்கு வம்பு? திருப்பதிக்குப் போயி ஒரு தரம் காட்டிடலாம்" என்றான் வேலு. மறுநாள் லீவு போட்டான். தேசம்மாவை யாரும் கூப்பிடவில்லை. என் புடவை இரண்டை ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

திருப்பதியில் அது பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் எண்ணைத் தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் இருமல், அழுகை, போனில் சத்தம். என் பக்கத்தில் பங்காருபாளையத்து அம்மா ஒருத்தி, மாங்காய் பறிக்க ஏறி விழுந்த புருஷனோடு நாலாவது நாளாகக் காத்திருந்தாள். தேசம்மா மட்டும் உட்காரவேயில்லை. எண் ஓடுகிற பலகையின் கீழே நின்று, என் சீட்டில் இருந்த எண்ணின் உருவத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் எண் வந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. "ஏமம்மா, ஏமாயிந்தி?" என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் கேட்டு ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். என் விரலைப் பிடியுங்கள் என்றார். அவர் விரல் சிவக்கும்படி பிடித்தேன். மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடுங்கள் என்றார். தொட்டேன். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடுங்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாற்று நட்ட கை, ஏமாற்றுமா?

"நல்லாத்தானே இருக்கீங்க. ரெண்டு வாரம் கழிச்சி வாங்க, பாக்கலாம்" என்று சீட்டில் எழுதத் தொடங்கினார். வேலு எழுந்துவிட்டான்.

ஜெயித்த முகத்தை அவளுக்குக் காட்டவேண்டும் என்று பதினோரு நாளில் முதல் தடவையாகத் தேசம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

அவள் அதற்காகவே காத்திருந்திருக்கிறாள். என் கண் அவள் மேல் விழுந்ததும் மீசையை முறுக்கினாள். தன் கண்ணிலிருந்து கன்னத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்தாள். கையை விரித்தாள். இல்லை.

என் அண்ணனுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கருமாதி அன்று ஒருமுறை இதைச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னால் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆறு வருஷம் அவள் கை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது டாக்டர் எதிரில், என் பிள்ளை எதிரில் எடுத்தாள்.

"யாருடீ அழல?" என்று கத்தினேன். கை இரண்டும் கிளம்பிவிட்டன. "நெஞ்சுல அடிச்சிக்கினு மண்ணுல உருண்டியே, உன்னத் தூக்கிப் புடிச்சிக்கினு நின்னவ யாரு? நானும் உழுந்திருந்தா உனக்கு யார்றீ சொல்லியிருப்பாங்க, பொணத்த எடுக்கறாங்க, வா, மூஞ்சப் பாருன்னு? தேசம்மாவுக்கு யார் இருக்கான்னு நெனச்சித்தானடீ நான்…"

"அம்மா, அம்மா! ஆஸ்பத்திரி இது" என்று வேலு தோளைப் பிடித்தான்.

தேசம்மா என் பேச்சைப் பார்க்கவேயில்லை. அவள் டாக்டரைப் பார்த்து நின்றாள். ஒரே ஒரு விரலால் என் வலது கையைக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றிருந்தது. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். இடது கை சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருந்தது. வலது கை பிழியாத துணி மாதிரி அதன் பின்னால் ஆடி வந்தது. தேசம்மா என்று சொல்ல மோவாய்க்குப் போன கையில் கட்டைவிரலைக் காணோம். மடங்கி உள்ளே கிடந்தது. என் கையை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள எங்கயாவது தலையில அடிபட்டுதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க மேடம்" என்றான் வேலு.

"ஆட்டோல" என்றேன் நான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் தலையை விட்டு, படம் பிடித்து வெளியே அனுப்பும் மிஷின். வலி கிடையாது. படத்தில் இடது பக்கம் பிறைநிலா மாதிரி ஒன்று தெரிந்தது. டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு சவ்வு இருக்கிறது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், அங்கே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில்கூட ஒன்று அறுந்துபோகலாம். ரத்தம் சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் கசிந்து மூளையை அழுத்தும். இடது மூளை வலது கையை நடத்துகிறது, அதனால் வலது கை தளர்ந்தது. கவனம் வைத்துச் செய்தால் இருக்கிற பலத்தைத் திரட்டி ஒரு தரம் சமாளித்துவிடும். கவனிக்காதபோதுதான் உண்மை வெளியே வரும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தூக்கத்திலேயே நினைவு போயிருக்கும் என்றார்.

மண்டையில் இரண்டு சிறிய துளை போட்டு, ரத்தத்தைக் கழுவி எடுக்கவேண்டும். வேலு கையெழுத்துப் போட்டான். "ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த ஏம்மா சொல்லல?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கட்டவெரலு வருமாம்மா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"மொதல்ல உயிரப் பாக்கணும்மா."

"உயிரு உங்க வேல. நான் வெரலக் கேக்கறேன்."

அவர் வேலுவைப் பார்த்தார். அவன் சொன்னான்: ஊரில் அத்தையிடம் எல்லோரும் சாப்பிட்டாயா, வா, போ என்று மூன்று கை காட்டுவார்கள், அதோடு சரி. பத்மாவுக்குப் பத்து வார்த்தை தெரியும். நான் வாரத்துக்கு ஒருநாள் வருகிறவன். அத்தையோடு பேசுவது அம்மா ஒருத்திதான்.

டாக்டரம்மா என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். "வரும்னுதான் நெனக்கிறேன். சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றார்.

காலையில் என் தலையைச் சிரைத்தார்கள். தேசம்மா பார்த்துவிட்டுத் தன் தலையை உள்ளங்கையால் வழித்தாள்: மலை ஏறாமலேயே திருப்பதி முடித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதற்குள் அவளிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் பேச்சில் மன்னிப்பு என்பதற்குக் கை கிடையாது. ஐம்பது வருஷத்தில் இருவரில் ஒருத்திக்கும் அது தேவைப்படவில்லை. கையை இறக்கிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

முழித்தபோது தலையிலிருந்து ஒரு குழாய் பையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் ரத்தம். இரண்டு நாள் தலையணை இல்லாமல் மல்லாந்தே படுக்கவேண்டும் என்றார்கள். வலது கையில் ஊசி. நான் எதையோ கேட்கக் கையை ஆட்டியதில் ஊசி கழன்றுவிட்டது. நர்ஸம்மா மறுபடி குத்தி, கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

"பேர் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். "எந்த ஊரு? வீட்ல யார் யார் இருக்காங்க?" என்றார். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. தேசம்மா என்று சொல்லக் கை இழுத்தது, பலகை விடவில்லை, நாக்கும் நின்றுவிட்டது. நர்ஸம்மாவின் முகம் மாறியது. ஓடினார். ரத்தம் மறுபடி கசிந்து பேச்சை அடித்துவிட்டதோ என்று பயந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கும் அதே பயம் வந்தது.

டாக்டரம்மா வந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அத மொதல்ல அவுருங்க. ஊசிய இடது கையில போடுங்க. இந்தம்மாவுக்கு வாய்க்குத் தொண கை" என்றார். அவிழ்த்ததும் ஊர், வீடு, நாத்தனார், கடலைக்கொல்லை எல்லாம் கொட்டிவிட்டேன். "போதும்மா, போதும்" என்று நர்ஸம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே ஐந்து நிமிஷம் ஒருவரைத்தான் விடுவார்கள். தேசம்மாவை வாசலில் நிற்கும் ஆள் விடவில்லை. நோயாளி பெயர் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார், இவள் எப்படிச் சொல்வாள்? அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். படுத்தபடியே கண்ணை மட்டும் திருப்பினேன்.

அவள் கேட்டாள்: வலிக்கிறதா?

வலது கையைத் தூக்கினேன். விரலை நினைக்கக் கூடாது, நினைத்தால் அது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னேன். கை மோவாயைத் தொட்டது. கட்டைவிரல் பாதி எழுந்து, நடுக்கணுவில் வளைந்து, அங்கேயே நின்றது.

பார்த்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு. மல்லாந்து கிடக்கிற நான் எழுந்துபோய் அவள் முன்னால் நிற்க முடியாது. கூப்பிட்டால் கேட்காது. கையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். பதினோரு நாள் அவள் என் முதுகைப் பார்த்து நின்றது இப்படித்தானா?

வேலு உள்ளே வந்தான். "அத்தை ஏண்டா திரும்பிக்கிச்சி?" என்றேன்.

"அழுவுதும்மா. நீ பாக்கக்கூடாதாம்."

ஐந்தாம் நாள் இரண்டாவது ஸ்கேன் எடுத்து, ரத்தம் போய்விட்டது என்றார்கள். ஏழைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை ரேஷன் கார்டு இருந்ததால் ஆபரேஷன் செலவு எங்கள் தலையில் விழவில்லை. மற்றதை வேலு பார்த்துக்கொண்டான். பத்மா தினமும் இரண்டு பஸ் மாறி ரசம் சாதம் கொண்டுவந்து ஊட்டினாள். எனக்குக் கை இருந்தும் ஊட்டினாள், நான் தடுக்கவில்லை. விரலுக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். தேசம்மா பந்தை நம்பவில்லை. காலையிலும் சாயங்காலமும் என் கட்டைவிரலைப் பிடித்து மேலே இழுத்தாள், விதைக்கடலை உடைத்த அன்றைக்கு இழுத்த மாதிரியே. இந்த முறை நான் தட்டிவிடவில்லை.

கண்ணீர் விஷயத்தை வார்டில் ஒருநாள் கேட்டேன். மனசாரத்தான் சொன்னாயா என்றேன். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார், உன் கை தன்னை மறந்து கிளம்பவேண்டும், சீக்கிரம் எரிவது எதுவோ அதைப் போட்டேன் என்றாள். அவ்வளவுதான் அவள் பதில்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. தலையில் முடி முளைத்துவிட்டது. கடையில் உப்பு கேட்டால் விரல் மறுபடி தேய்கிறது. கட்டைவிரல் முக்கால்வாசி எழும்புகிறது, முழுக்க நிமிரவில்லை. இதற்குமேல் வந்தால் லாபம், வராவிட்டால் இதோடு பழகிக்கொள்ளுங்கள் என்று போன தடவை டாக்டரம்மா சொன்னார். தேசம்மாவை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அந்த வளைந்த விரலை அவள் முன்னால் கொண்டுபோக எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வேலுவால் வர முடியவில்லை, வீடியோ காலில் வந்தான். போனைச் சொம்பில் சாய்த்துவைத்து இருவரும் முன்னால் உட்கார்ந்தோம். அவன் கட்டைவிரலை நேராக நிமிர்த்தி, மோவாயைத் தொட்டு அத்தையைக் கூப்பிட்டான்.

தேசம்மா தலையை ஆட்டினாள். அப்படி இல்லை.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி நேராகத் தொட்டான்.

அவள் போனை இன்னும் கிட்டத்தில் இழுத்தாள். கையை மூடினாள். கட்டைவிரலை எழுப்பி, நடுக்கணுவில் வளைத்து, மோவாயை இரண்டு முறை தொட்டாள். பழிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பழிக்கவில்லை. சின்ன வயதில் அவனுக்குச் சோறு, தண்ணீர், நிலா என்று சொல்லிக்கொடுத்தபோது வைத்திருந்த அதே முகம்.

வேலு ஒரு தரம் தப்பாகச் செய்தான். இரண்டாம் தரம் விரலை வளைத்துச் சரியாகக் கூப்பிட்டான்.